அறுவை மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகளும் அவர்தம் பணியிடமும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் வெற்றிகளை எண்ணிக் காட்டுவது மரபு. எத்தனை பேர் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் அரசுப் பணியில் அமர்ந்தனர் என்னும் கணக்கை எனக்கு முன் பேசிய அன்பர்கள் நிறைவாகச் சொல்லிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. படிக்கச் சென்ற இடத்தில் நம் பிள்ளைகள் எவ்வாறு இருக்கிறார்கள்? குறிப்பாக, அறுவை மருத்துவத்தில் முதுநிலைப் பயிற்சி பெறுவோர் எந்நிலையில் இருக்கிறார்கள்? இதைப் பற்றியே பேச விழைகின்றேன்.

பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஆபரேஷன் தியேட்டரில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு, அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு செய்து சட்டம் இயற்றியது. அவ்வாண்டு நுழைந்தவர்களுக்கு நான்கரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பணி ஆக ஐந்தரை ஆண்டுகள். அடுத்த படி முதுநிலைப் படிப்பு. குடும்பத்திலும் தெருவிலும் முதன்முதலாக மருத்துவரான பிள்ளைகள் இனி ஆண்டுதோறும் அந்த வாயிலில் வந்து நிற்பார்கள். அவர்களை அனுப்பி வைக்கும் நாம், உள்ளே இருப்பது எத்தகைய இடம் என்பதை அறிந்துகொண்டு அனுப்ப வேண்டாவா?

'பர்ன் அவுட்' என்றொரு சொல் இன்று பரவலாக வழங்குகிறது. எண்ணெய் உள்ளவரை விளக்கில் எரிவது எண்ணெய். எண்ணெய் வற்றிய பின்னர் எரிவது திரி. வேலையே மனிதனை அந்நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்துவதைப் பணிக்கருகல் என்று நான் சொல்லிக்கொள்கிறேன். 1974இல் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்னும் உளவியலறிஞர் இதைப் பற்றி எழுதினார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் அம்மையார் இதனை அளப்பதற்கு ஒரு வினாத்தாளே வகுத்தார். மூன்று குறிகளை அவர் சொல்கிறார். உள்ளம் வற்றிப்போதல், எதிரில் உள்ள மனிதரை மனிதராக எண்ணாது, படுக்கை எண்ணாக மட்டும் பார்க்கத் தொடங்குதல், தன்னால் எதுவும் ஆகாது என்ற எண்ணம் குடியேறுதல். உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் இது நோய் என்று குறிக்கப்படவில்லை. தீர்க்கப்படாத பணியிட நெருக்கடியால் விளையும் தொழில்சார் நிலை என்றே குறிக்கப்பட்டது. இந்த வேறுபாட்டை இளைஞர்கள் நன்கு மனத்திற் கொள்ள வேண்டுகிறேன். நோய் என்றால் அது மனிதனுக்குள் இருப்பது, மருந்தும் மனிதனுக்கே. தொழில்சார் நிலை என்றாலோ, முதலில் பார்க்க வேண்டியது தொழில் நடக்கும் இடத்தை.

அந்த இடம் எப்படி உண்டாயிற்று என்பதைச் சற்றுப் பார்ப்போம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889இல் திறக்கப்பட்டது. அங்கே அறுவைப் பிரிவின் தலைவராக இருந்த வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த பயிற்சி முறையே இன்று உலகெங்கும் வேரூன்றியிருப்பது. பயிற்சி பெறுவோர் மருத்துவமனையிலேயே உறைய வேண்டும். அதனால்தான் 'ரெசிடென்ட்' என்ற பெயர். இத்தனை ஆண்டு என்ற வரையறை இல்லை. பலர் நுழைவர், ஆண்டுக்காண்டு வடிகட்டப்பட்டு உச்சிக்கு ஒருவர் வருவார். ஹால்ஸ்டெட் பெரிய மேதை; ஐயமில்லை. ஆனால் அவரே கோகெய்னை மயக்க மருந்தாகத் தம் உடலில் சோதிக்கப் போய் அதற்கு அடிமையாகி, பின்னர் மார்பினுக்கும் ஆட்பட்டவர். ஓய்வறியாப் பயிற்சியை வகுத்தவரின் சொந்த வாழ்வு அவ்வாறு இருந்தது என்பதைப் பாடநூல்கள் பெரிதாகச் சொல்வதில்லை.

நேரக் கணக்கிற்கு வருவோம். 1984 மார்ச்சில் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண் இறந்தார். அன்றிரவு அவரைப் பார்த்தவர்கள் நெடுநேரப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள். தந்தை சும்மா இருக்கவில்லை. அவர் பத்திரிகையாளர், வழக்கறிஞர். அதன் விளைவாக 1989இல் நியூயார்க் மாநிலம் பயிற்சி மருத்துவர் வேலையை வாரத்திற்கு 80 மணி என வரையறுத்தது. 2003இல் அவ்வரம்பு அமெரிக்கா முழுமைக்கும் வந்தது. பிரித்தானியாவில் 2009 முதல் 48 மணி.

நம் நாட்டில் விதி இல்லையா எனின், உண்டு. 1992இல் மத்திய அரசு வெளியிட்ட உறைவிட மருத்துவர் திட்டம், இளநிலை உறைவிட மருத்துவர் வாரத்திற்குச் சாதாரணமாக 48 மணி நேரமும், ஒரே மூச்சில் 12 மணிக்கு மேற்படாமலும் பணிபுரிய வேண்டும் என்றது. நேரம் நெகிழ்வாக இருக்கலாம் என்ற வாசகமும் அதனுடனேயே இருந்தது. அந்த வாசகமே விதியை விழுங்கிவிட்டது. 2023ஆம் ஆண்டின் முதுநிலை மருத்துவக் கல்வி ஒழுங்குமுறை, 'நியாயமான' பணி நேரம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. எது நியாயம் என்று எண்ணிக்கை இல்லை. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, வாரத்திற்கு 74 மணிக்கு மேற்படலாகாது என்று பரிந்துரைத்தது. 1992இல் 48, முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்துச் சீர்திருத்தமாக வந்தது 74! கணக்கு வாத்தியாரிடம் இவ்வாறு ஒரு விடைத்தாள் வந்தால் என்ன மதிப்பெண் போடுவார் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

உறக்கமின்மை என்ன செய்யும் என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் கண்டது: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவனின் கைத்திறமும் கவனமும், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் ஏறியவனின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன. நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டி ஓட்டுபவனுக்கு எல்லை 30 மில்லிகிராம். அதாவது, ஸ்கூட்டர் ஓட்டத் தகுதியற்ற நிலையில் உள்ள ஒருவன் கையில் நாம் கத்தியைக் கொடுத்து வயிற்றைத் திறக்கச் சொல்கிறோம். இது மாணவனின் துன்பம் மட்டுமன்று; படுத்திருக்கும் நோயாளியின் துன்பமும் ஆகும். அரசு மருத்துவமனையில் படுத்திருப்பவர் பெரும்பாலும் யார் என்பதை இந்தச் சபைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நேரத்தைக் குறைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? நானும் முதலில் அவ்வாறுதான் எண்ணுவேன். ஆனால் செய்தி அத்துணை எளிதன்று. அமெரிக்காவில் 117 அறுவைப் பயிற்சித் திட்டங்களை இரு கூறாக்கி, ஒரு கூற்றில் கடுமையான நேர விதிகளையும், மற்றதில் நெகிழ்வான விதிகளையும் வைத்து ஓராண்டு நடத்திப் பார்த்தார்கள். 80 மணி என்ற வார வரம்பு இரண்டிற்கும் பொது. 2016இல் முடிவு வெளிவந்தது. நோயாளிகளின் நிலையில் பெரிய வேறுபாடு இல்லை. பயிற்சி பெறுவோர் தம் பொதுநலம் பற்றிச் சொன்னதிலும் இல்லை. ஆக, வாரக் கணக்கிற்கு ஓர் எல்லை கட்டிய பின்னும் மனிதனைக் கருக்குவது வேறு ஏதோ இருக்கிறது.

அது என்ன என்பதை 2019இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் 262 திட்டங்களில் பயின்ற 7,409 அறுவைப் பயிற்சி மருத்துவர்கள் விடையளித்தனர். வாரம் ஒருமுறையேனும் பணிக்கருகலின் குறி கண்டவர்கள் 38.5 விழுக்காடு. வசைமொழிக்கோ கைந்நீட்டலுக்கோ ஆளானவர்கள் 30.3 விழுக்காடு. இன வேற்றுமை பாராட்டப்பட்டோர் 16.6 விழுக்காடு. பெண்களைத் தனியே எடுத்தால் கருகியோர் 42.4 விழுக்காடு, ஆண்களில் 35.9. 'பெண்களுக்கு அறுவை மருத்துவம் தாங்காது' என்று சொல்லும் பெரிய மனிதர்கள் இந்த இரண்டு எண்களோடு புத்தகத்தை மூடிவிடுவார்கள். ஆய்வாளர்கள் மூடவில்லை. ஒரே அளவு இழிநடத்தைக்கு ஆளான ஆணையும் பெண்ணையும் இணை வைத்துப் பார்த்தார்கள். வேற்றுமை மறைந்துபோயிற்று. பெண்கள் மிகுதியாகக் கருகியது, அவர்கள் மிகுதியாக இழிவுபடுத்தப்பட்டதனால். பெண் என்பதனால் அன்று.

தோழர்களே, இந்த ஒரு முடிவுக்காகவே நான் இன்று மேடை ஏறினேன். 'பெண்' என்று உள்ள இடத்தில் நம்மை வைத்துப் படித்துப் பாருங்கள். நம் பிள்ளை ஒருவன் படிப்பை விட்டு வந்தால் ஊர் என்ன சொல்கிறது? "இட ஒதுக்கீட்டில் போனவன், தாக்குப்பிடிக்க முடியவில்லை" என்கிறது. அதைக் கேட்டுக் கேட்டு நம்மிலும் சிலர் நம்பத் தொடங்கிவிட்டனர்; அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அறுவை மருத்துவத்திற்கென்று ஒரு தனித் தன்மை உண்டு. வரலாறோ சட்டமோ ஆனால், ஆசிரியர் முகம் திருப்பிக்கொண்டாலும் நூலகத்தில் அமர்ந்து படித்துத் தேறிவிடலாம்; நம்மவர் பலர் அவ்வாறே தேறினர். கத்தி பிடிப்பதை நூலகத்தில் கற்க இயலாது. மேலே உள்ள ஒருவர் தம் எதிரே நிற்க வைத்து, "இந்தத் தையலை நீ போடு" என்று சொன்னால்தான் கை பழகும். முதலாண்டு மாணவனுக்கு மேலே இரண்டாம் ஆண்டு, அவனுக்கு மேலே மூன்றாம் ஆண்டு, பின் உதவிப் பேராசிரியர், எல்லார்க்கும் மேலே யூனிட் சீஃப். ஒவ்வொரு படியிலும் வாய்ப்பு என்பது பிறர் கொடுக்கும் கொடை. விடியற்காலை இரத்தம் எடுப்பது, கட்டு மாற்றுவது, கேஸ் ஷீட் எழுதுவது, ஸ்கேன் முடிவுக்கு ஓடுவது, இவை எல்லாருக்கும் உண்டு. இவற்றை முடித்தபின் தியேட்டருக்குள் அழைக்கப்படுகிறானா, இல்லை, "நீ வார்டைப் பார்" என்று நிறுத்தப்படுகிறானா என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அடிக்க வேண்டா, திட்ட வேண்டா. அழைக்காமல் இருந்தாலே போதும். எந்தப் பதிவேட்டிலும் அது ஏறாது. ஆறு மாதம் கழித்து, "இவனுக்குக் கை வரவில்லை" என்று சொல்லிவிடலாம். அது உண்மையாகவும் ஆகியிருக்கும்!

ஹாப்கின்ஸைப் பற்றிச் சொன்னேன். அங்கேயே இதற்கு ஒரு சான்று உண்டு. விவியன் தாமஸ் என்னும் கறுப்பர், தச்சுத் தொழில் தெரிந்தவர்; கல்லூரிக்கென்று சேர்த்த பணம் பொருளாதாரச் சரிவில் வங்கியோடு போயிற்று. 1930இல் ஆல்பிரட் பிளேலாக் என்ற அறுவை மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளரானார். ஆய்வாளர் வேலையைச் செய்தவரைச் சம்பளப் பட்டியலில் துப்புரவுப் பணியாளராகவே எழுதினார்கள். 1944 நவம்பர் 29 அன்று ஹாப்கின்ஸில், நீலம் பாய்ந்த குழந்தையின் இதயக் குறையைச் சரிசெய்யும் முதல் அறுவையைப் பிளேலாக் செய்தபொழுது, அவர் தோளுக்குப் பின்னே ஒரு சிறு மேடைமீது நின்று வழி சொன்னவர் இந்தத் தாமஸ். அம்முறையை விலங்குகளில் செய்து செய்து கைகண்டவர் அவரே. புகழ்பெற்ற அறுவை மருத்துவர் பலர் அவரிடம் கை பழகினர். ஹாப்கின்ஸ் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது 1976இல். திறம் இல்லாததனால் இடம் கொடுக்கவில்லை என்று சொல்வோரிடம் இந்த ஆண்டுக் கணக்கைக் காட்டுங்கள்.

நம் நாட்டிற்கு வருவோம். தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் ஒதுக்கீட்டு மாணவர் நடத்தப்பட்ட முறையை ஆராய சுகதேவ் தோரட் தலைமையில் 2006இல் குழு அமைக்கப்பட்டு, மறு ஆண்டு அறிக்கை வந்தது. தொல்லை தாங்காமல் நம் மாணவர்கள் விடுதி அறைகளை மாற்றிக்கொண்டு, மேல்மாடிகளில் ஒன்றாக ஒதுங்கி வாழ்ந்ததை அது எடுத்துரைத்தது. ஊருக்கு ஒரு சேரி என்பது நமக்குத் தெரியும். எய்ம்ஸ் விடுதியிலும் ஒரு சேரி என்பதை அறிக்கை சொல்லித்தான் நாடு அறிந்தது.

2019 மே 22 அன்று மும்பையில் டாக்டர் பாயல் தட்வி தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஜல்காவ் மாவட்டத்தைச் சேர்ந்தவர், தட்வி பில் என்னும் பழங்குடியினர், வயது 26, மகப்பேறு, மகளிர் நோய் அறுவைப் பிரிவில் முதுநிலை இரண்டாம் ஆண்டு. மூத்த மாணவியர் மூவர் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினர், பேறுகாலப் பணியைச் செய்யவிடாது தடுத்தனர் என்பது குடும்பத்தாரின் முறையீடு. நீதிமன்றம் சென்ற வழக்கு. தீர்ப்புக் கூறுவது என் வேலையன்று. ஆனால் அம்முறையீட்டின் வடிவத்தைப் பாருங்கள். சொல்லால் சுடுதல் ஒன்று. கைக்கு வேலை கொடாமை மற்றொன்று. நான் மேலே சொன்ன சூட்சுமம் இதுவே. அவ்வாண்டே அவருடைய தாயார் ஆபிதா தட்வியும், ரோகித் வெமுலாவின் தாயார் ராதிகா வெமுலாவும் சேர்ந்து, உயர்கல்வி நிலையங்களில் சாதிக் கொடுமையைத் தடுக்க வேண்டி உச்ச நீதிமன்றத்தை அணுகினர்.

பெயரும் ஊரும் சொல்லாமல் ஒன்று சொல்கிறேன். என்னிடம் படித்த மாணவன் ஒருவன் வெளிமாநிலக் கல்லூரி ஒன்றில் அறுவை மருத்துவம் சேர்ந்தான். தந்தை கட்டட வேலை செய்பவர். ஒருநாள் மாலை பள்ளிக்கே வந்து, "சார், பையன் போனை எடுக்கமாட்டேங்கிறான். எடுத்தாலும் நல்லா இருக்கேம்பான், வச்சிடுவான். குரலு அவன் குரலாட்டம் இல்லீங்க" என்றார். இரண்டு நாள் கூலி போனாலும் போகட்டும், நேரே போய் அவன் பக்கத்தில் உட்காருங்கள். படிப்பு, கடன், ஊர்ப் பெருமை எதையும் பேசாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். எட்டு மாதத்தில் அவன் ஒரு காயத்தைக்கூடத் தைத்ததில்லை. ஒரு மூத்தவன் எல்லார் முன்னிலும் அவனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'கோட்டா' என்றுதான் அழைப்பான். விட்டுவிட்டு வந்துவிடலாம் என்றால், விலகுவோர் பல இலட்சம் கட்ட வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்கியிருந்தார்கள். இருக்கவும் முடியாது, விலகவும் முடியாது. பின்னர் முறைப்படி அவன் யூனிட் மாறிற்று. புதிய சீஃப் கண்டிப்பானவர். ஆனால் முதல் வாரமே குடலிறக்க அறுவை ஒன்றில் எதிரே நிற்க வைத்துத் தோலைத் தைக்கச் சொன்னார். அதே பையன், அதே இரவு டியூட்டி, அதே உறக்கமின்மை. இரண்டு மாதத்தில் தந்தையிடம் அவனாகவே போன் செய்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டிருக்கிறான். அந்த அமெரிக்க ஆய்வைப் படித்தபொழுது எனக்கு இவன்தான் நினைவுக்கு வந்தான்.

இவன் தப்பினான். எல்லாரும் தப்புவதில்லை. 2024ஆம் ஆண்டுப் பணிக்குழுவின் கணக்கெடுப்பில் விடையளித்த முதுநிலை மாணவர் 5,337 பேரில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் உயிரை விடும் எண்ணம் வந்ததாகச் சொல்லியிருக்கின்றனர். விலகல் பத்திர முறையைக் கைவிடுமாறு தேசிய மருத்துவ ஆணையம் 2024 ஜனவரியில் மாநிலங்களுக்கு எழுதியது. எழுதியது நல்லது. ஆனால் கடிதம் வேறு, சட்டம் வேறு.

மருத்துவமனைகள் யோகாசன வகுப்பும் உளநல விரிவுரையும் வைக்கின்றன. நான் அவற்றை இகழவில்லை. எனினும், இரவெல்லாம் நின்றவனுக்கு முதலில் வேண்டுவது படுக்க ஒரு கட்டில். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட பயிற்சி மருத்துவர், நெடும்பணிக்கு இடையே கருத்தரங்க அறையிலே படுத்திருந்தார் என்பதை நாடே அறியும். ஓய்வறைக்குப் பூட்டுள்ள கதவு, யார் எத்தனை அறுவையில் கை வைத்தார் என்று ஒவ்வொரு மாதமும் பார்க்கப்படும் பதிவேடு, முறையீட்டை யூனிட்டுக்கு வெளியே உள்ளவர் விசாரித்தல்: இம்மூன்றையும் நாம் கேட்க வேண்டும். பதிவேடு பெயரளவில் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. அதைச் சாதிவாரியாகவும் பால்வாரியாகவும் கூட்டிப் பார்ப்பார் இல்லை.

நம் கழகம் செய்யத்தக்கவை சிலவற்றைச் செயற்குழுவின் முன் வைக்கிறேன். முதுநிலை சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும், நம் சமுதாயத்தைச் சேர்ந்த மூத்த மருத்துவர் ஒருவரை, வேறு கல்லூரியிலிருந்து, இணைத்துவிட வேண்டும். அதே கல்லூரியில் உள்ளவரிடம் பிள்ளைகள் வாய் திறக்கமாட்டார்கள். நாள், நேரம், சொன்னவர், கேட்டவர் ஆகியவற்றை அன்றன்றே எழுதி வைக்கும் பழக்கத்தைச் சொல்லித்தர வேண்டும்; 2021ஆம் ஆண்டுப் பகடிவதைத் தடுப்பு ஒழுங்குமுறையின் கீழோ, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழோ முறையிட வேண்டிவந்தால் அக்குறிப்பே முதுகெலும்பு. விலகியே தீர வேண்டிய நிலை ஒரு பிள்ளைக்கு வந்தால், பத்திரப் பணத்திற்காக அவன் உயிரைப் பணயம் வைக்காதபடி ஓர் அவசர நிதி இருக்க வேண்டும். நம் நிதிநிலை எனக்குத் தெரியும். ஆயினும் கட்டட நிதிக்கு முன் இதனை வைக்கக் கேட்கிறேன்.

பெற்றோர்களே, போனில் "எத்தனை மார்க்" என்று கேட்காதீர்கள். தூங்கினாயா, சாப்பிட்டாயா, இந்த வாரம் தியேட்டரில் என்ன செய்தாய் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு மாதக்கணக்கில் விடை வரவில்லையென்றால் ஒருமுறை நேரில் போய் வாருங்கள். 14416 என்பது நடுவணரசின் டெலி மனஸ் உளநல உதவி எண், 2022 முதல் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். இதைப் பிள்ளையின் போனிலும் உங்கள் போனிலும் பதிந்து வையுங்கள்.

வாயிலருகே உள்ள மேசையில் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ முதுநிலை மருத்துவம் பயில்வோர் இருந்தால், அவர்களிடம் சொல்லிவிட்டுப் பிரிவையும் ஆண்டையும் தொலைபேசி எண்ணையும் அதில் எழுதுங்கள். மருத்துவர்களாக வந்திருப்போர், யாருக்கேனும் துணை நிற்க இசைந்தால், தம் பெயரை அடுத்த பக்கத்தில் எழுதலாம். பகலுணவுக்குப் பின் செயலாளரும் நானும் அந்த இரண்டு பக்கங்களையும் இணைத்துப் பார்க்க உட்காருகிறோம்.